இரண்டாவது பாபி யார்? சூப்பர்நேச்சுரலின் மாற்று உலக ஆட்கள் பற்றி ஒரு விவாதம்

வெந்நீரூற்று:
பேய் வேட்டையாடும் அண்ணன் தம்பி டீன், சாமின் கதையான சூப்பர்நேச்சுரல் தொடர் முழுவதையும் நானும் தங்கச்சியும் இரண்டாம் தடவை பார்த்து முடித்துவிட்டோம். 15 சீசன், 327 எபிசோட். வாடைக்காற்று தொடங்கிய கையோடு உட்கார்ந்தோம், முடிக்கும்போது கச்சான் அடிக்கத் தொடங்கிவிட்டது. இந்த இழையில் கடைசி எபிசோட் வரை கதைப்பேன். இன்னும் பார்த்து முடிக்காதவர்கள் தயவுசெய்து இதோடு நின்றுவிடுங்கள்.

எனக்கும் அவளுக்கும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவே இல்லை. டீனுக்கும் சாமுக்கும் தகப்பன் போல இருந்த வேட்டைக்காரர் பாபி 7ஆம் சீசனில் இறந்துவிட்டார். 13ஆம் சீசனின் முடிவில் மற்ற உலகத்துப் பாபி ஒருவர் இரண்டு உலகங்களுக்கும் நடுவே திறந்த பிளவைத் தாண்டி நம் உலகத்துக்கு வந்தபோது அவள் கைதட்டினாள். எனக்கு நெஞ்சு எரிந்தது.

மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் உலகத்தில் 1973இல், டீன், சாமின் அம்மாவாகப் போகும் மேரி மஞ்சள் கண் பேயோடு பேரம் பேசி, இறந்துபோன காதலன் ஜோனை உயிரோடு வாங்கினாள். அதற்கு விலையாகத்தான் 1983இல் அது சாமின் தொட்டிலுக்கு வந்தது. மற்ற உலகத்து மேரி அந்தப் பேரத்தைப் பேசவில்லை. ஜோன் இல்லை, அதனால் டீனும் சாமும் பிறக்கவே இல்லை. வானதூதர்கள் மைக்கேலும் லூசிபரும் மோதும் போரைத் தடுக்க அங்கே ஆள் இல்லை. மைக்கேல் வென்றான், உலகம் சாம்பலாகியது. அந்தச் சாம்பலுக்குள் தப்பி வாழ்ந்த வேட்டைக்காரர்களில் ஒருவர்தான் இந்தப் பாபி.

இனி நம் பாபி எப்படிப் போனார் என்று நினைத்துப் பாருங்கள். 7ஆம் சீசன், 10ஆம் எபிசோட். தலைக்குள் குண்டோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். உள்ளே தன் நினைவுகளுக்குள் அறை அறையாக ஓடுகிறார். தாயைக் காப்பாற்றுவதற்காகச் சின்ன வயதில் தகப்பனைச் சுட்டவர் அவர். அதனால்தான் மனைவி கேரனிடம் பிள்ளையே வேண்டாம் என்று சொன்னார். தானும் அப்படி ஒரு தகப்பனாகிவிடுவேனோ என்ற பயம். சாகும் தறுவாயில் அந்தத் தகப்பனின் முகத்துக்கு நேரே நின்று, நான் இரண்டு பையன்களை எடுத்து வளர்த்தேன், அவர்கள் நல்லவர்களாக வந்தார்கள் என்கிறார். கண் விழித்து, சாமின் உள்ளங்கையில் எண்களை எழுதிவிட்டு, வழக்கமான அந்த ஒரு செல்லத் திட்டைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறார்.

அந்த மனிதரின் இடத்தில், அதே தொப்பி, அதே தாடியோடு இன்னொருவரைக் கொண்டுவந்து நிறுத்தி "பாபி" என்று கூப்பிட்டால், முதல் பாபியின் சாவுக்கு என்ன மரியாதை? ஏழாம் சீசனில் நான் அழுதது எதற்கு?

நிலாவெளிக்காரி:
நான் உங்கள் தங்கச்சியின் பக்கம். போனவர் திரும்பி வந்தால் யார்தான் சந்தோசப்பட மாட்டார்கள்?

கோட்டைவாசல்:
தம்பி, உங்கள் கோபம் விளங்குது. ஆனால் இந்தத் தொடர் முதல் நாளிலிருந்து சொல்லிவருவது, இரத்தத்தால் மட்டும் குடும்பம் வருவதில்லை என்பதுதானே. பாபி டீனுக்கும் சாமுக்கும் இரத்த உறவு இல்லை. அவர்களின் நண்பனான வானதூதன் காஸ்டியலும் இல்லை. இடம் கொடுத்தார்கள், அவர்கள் குடும்பமானார்கள். இரண்டாவது பாபிக்கும் அப்படி இடம் கொடுத்தால் என்ன பிழை?

இன்னொன்றையும் பாருங்கள். அந்த உலகத்துப் பாபி முதலில் இவர்களை நம்பவே இல்லை. துவக்கை நீட்டிக்கொண்டுதான் நின்றார். அவருக்கு இவர்கள் யாரோ. பழக்கம் மெல்ல மெல்லத்தான் வந்தது.

தம்பலகாமத்தான்:
வேறு ஒரு பக்கத்திலிருந்து வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலையின் சுவாமி மலையில் இருந்த கோணேசர் கோயிலை 1622இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். இன்றைக்கு நீங்கள் கோயிலுக்குப் போகும்போது நடந்து போவது அந்தக் கோட்டைக்குள்ளால்தான். அப்போது காப்பாற்றிக் கொண்டுவந்த மூர்த்திகளை வைத்து எழுந்ததுதான் எங்கள் தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயில் என்று எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். பிறகு 1950இல் திருகோணமலையில் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து சில மூர்த்திகள் கிடைத்தன. மலையிலும் மறுபடி கோயில் எழுந்து 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது.

இப்போது மலையிலும் கோணேசர், வயல்வெளிக்கு நடுவே எங்கள் ஊரிலும் கோணேசர். எங்கள் அம்மம்மா இரண்டு இடத்திலும் கும்பிடுவார். எது அசல், எது மாற்று என்று அவர் கேட்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதைக் குறைத்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. பாபி விஷயத்திலும் எனக்கு அப்படித்தான் படுகிறது.

வெந்நீரூற்று:
தம்பலகாமத்து அண்ணன், நீங்கள் சொன்னதை இரண்டு தரம் வாசித்தேன். அழகான கதை. ஆனால் சாமி எல்லா இடத்திலும் இருக்கிறவர் என்று நம்பித்தான் நாம் கும்பிடுகிறோம். மனிதன் அப்படி இல்லையே. ஒரு மனிதன் ஒரு வாழ்க்கையை மட்டும்தான் வாழ்கிறான். அந்த வாழ்க்கைதான் அவன். சின்ன வயது டீனோடு பந்து விளையாடியது, சாமுக்காக இரவிரவாகப் புத்தகம் புரட்டியது, இதெல்லாம் இல்லாத ஒருவருக்குப் பாபியின் முகம் மட்டும் இருந்தால் போதுமா?

நிலாவெளிக்காரி:
அப்படியென்றால் டீன், சாமின் தோழி சார்லியை எடுங்கள். நம் சார்லி 10ஆம் சீசனில், டீனின் கையிலிருந்த காயீனின் அடையாளம் என்ற சாபக் குறியை நீக்குவதற்காக வேலை செய்துகொண்டிருந்தபோது கொல்லப்பட்டாள். ஒரு மோட்டல் குளியலறையில். எனக்கு இன்னும் அந்தக் காட்சியைப் பார்க்க முடியாது, அந்த இடம் வந்தால் எழுந்து குசினிக்குப் போய்விடுவேன். அந்தச் சாவு தேவையில்லாதது என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன்.

பிறகு மற்ற உலகத்துச் சார்லி வருகிறாள். 14ஆம் சீசனில் சாமும் அவளும் ஒரு பூச்சி மனிதனைப் பிடிக்கக் காத்திருக்கும்போது கதைப்பார்கள் இல்லையா? தான் காதலித்த பெண்ணை அந்த உலகத்தில் எப்படி இழந்தாள் என்று சொல்வாள். இந்த வேட்டையே வேண்டாம், விட்டுவிடப் போகிறேன் என்பாள். நம் சார்லி ஒருநாளும் அப்படிக் கதைத்திருக்க மாட்டாள். அவள் சாகசத்தைத் தேடிப் போனவள். இவள் சாகசத்தால் எல்லாவற்றையும் இழந்தவள்.

இப்போது எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது, நான் வெந்நீரூற்றின் கட்சிக்குத் தாவிக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் இரண்டாவது சார்லி எனக்குப் பிடித்தது, அவள் முதலாவது சார்லியாக இல்லாததால்தான்.

கோட்டைவாசல்:
காஸ்டியலையும் மறந்துவிடாதீர்கள். அந்த உலகத்துக் காஸ்டியல் மைக்கேலின் படையில் சித்திரவதை செய்கிறவன். முகம் ஒரு பக்கம் துடிக்கும், கதைக்கும் விதமே வேறு. அவனுக்கு டீன் கிடைக்கவில்லை. அதுதான் ஒரே வித்தியாசம். நம் காஸ்டியல் நரகத்திலிருந்து டீனைத் தூக்கி எடுத்தான், அந்த ஒரு வேலை அவனை மாற்றியது. அது நடக்காவிட்டால் என்னவாகியிருப்பான் என்பதைத் தானே கண்ணால் கண்டு, தன் கையாலேயே குத்திக் கொன்றான். ஒரு சில நிமிடக் காட்சிதான். எனக்கு அந்த சீசன் முழுவதிலும் பெரிய காட்சி அதுதான்.

நிலாவெளிக்காரி:
இதற்கு நேரெதிரானது ஒன்று, இரத்தக் காட்டேரிகளை வேட்டையாடும் பெண்ணைப் பற்றிய பஃபி தொடரில் இருக்கிறது. 1998இல் வந்த எபிசோட் ஒன்றில் கோர்டீலியா ஒரு வரம் கேட்டு, பஃபியே வராத சன்னிடேல் ஊர் உருவாகும். அங்கே பஃபியின் தோழி வில்லோ இரத்தம் குடிக்கிறவள். அடுத்த வருடம் அந்த வில்லோ நம் உலகத்துக்கே வந்துவிடுவாள். எல்லாரும் அவளைக் கொல்லத் தயாராக நிற்பார்கள். நம் வில்லோதான் வேண்டாம் என்று தடுத்து, அவளை அவளுடைய உலகத்துக்கே அனுப்பிவைப்பாள். அந்தப் பிள்ளைக்குத் தன்னுடைய மோசமான முகத்தின் மேலும் இரக்கம் வந்தது. காஸ்டியலுக்கு வரவில்லை. இரண்டும் உண்மை என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு பதினேழு வயதுப் பெண்ணுக்கும், காலங்காலமாகப் போர் செய்த ஒருவனுக்கும் ஒரே மனம் இருக்காது.

கொட்டியாரக்கரை:
இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வெந்நீரூற்றுத் தம்பியின் முதல் கேள்விக்கு ஒன்று சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

என் அப்பா 2004 கடலோடு போனார். மூதூர்ப் பக்கம் அன்றைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சில வருடம் கழித்து, வெளிநாட்டில் இருந்த சித்தப்பா ஊரோடு இருக்க வந்தார். நான் அவரைச் சின்ன வயதில் ஒரு தரம்தான் பார்த்திருக்கிறேன். படலையைத் திறந்து உள்ளே வந்தவரைப் பார்த்து அம்மா அப்படியே தரையில் இருந்துவிட்டார். அதே நடை, அதே செருமல். தலையைச் சாய்த்துச் சிரிப்பதும் அப்படியே.

முதல் வருடம் முழுவதும் எனக்கு அவர் மேல் கோபம். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. அப்பா பாற்சொதி இல்லாமல் சாப்பிட மாட்டார், இவர் சொதியைத் தொட மாட்டார். அதற்கே எனக்கு ஆத்திரம் வரும். அப்பாவின் முகத்தை வைத்துக்கொண்டு இவர் ஏன் சொதி வேண்டாம் என்கிறார்? பின்னேரத்தில் விறாந்தையிலிருந்து அந்தக் குரல் கேட்டால் ஓடிப்போய்ப் பார்ப்பேன். பார்த்ததும் மனம் விழுந்துவிடும். தினமும் ஒரு தரம் அப்பாவை இழந்தது போல.

விறாந்தையில் அப்பாவின் சாய்மனைக் கதிரை இருந்தது. வந்த நாளிலிருந்து சித்தப்பா அதில் இருந்ததே இல்லை. அம்மாவே இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. கடையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை வாங்கிவந்து, அதற்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அதில்தான் இருப்பார். முதுகு வலிக்கிறவருக்கு அது நல்ல கதிரையும் இல்லை. அதை நான் கவனிக்க வருடக்கணக்கானது. கவனித்த நாளில்தான் என் கோபம் போனது.

அதனால் தம்பி, முகம் திரும்பி வருவதில் பிழை இல்லை. அந்தக் கதிரையில் யார் இருக்கிறார் என்பதுதான் என் கேள்வி. அந்தத் தொடரில் இரண்டாவது பாபி பாபியின் கதிரையில் இருந்தாரா, தன் கதிரையைக் கொண்டுவந்தாரா? நான் 12ஆம் சீசனோடு விட்டுவிட்டேன், அதனால்தான் கேட்கிறேன். முடிவு தெரிந்தாலும் பரவாயில்லை.

வெந்நீரூற்று:
அக்கா, நேற்று இரவு இதை வாசித்துவிட்டு உடனே ஒன்றும் எழுத முடியவில்லை. தங்கச்சிக்கும் வாசித்துக் காட்டினேன்.

உங்கள் கேள்விக்குப் பதில் தேடி இன்று காலையில் 14ஆம் சீசனின் 5ஆம் எபிசோடை மறுபடி போட்டோம். மைக்கேல் மாற்றியமைத்த ஜின் ஒன்று ஆட்களின் மிக மோசமான கனவுகளை உருவமாக்கி அனுப்புகிறது. பாபிக்கு முன்னால் வந்து நிற்பது ஒரு இளைஞன். அவருடைய மகன் டானியல். அந்த உலகத்தில், வானதூதர்களோடு நடந்த போரில் அவர் இழந்த பிள்ளை.

முதல் தடவை பார்த்தபோது இதை நான் ஒரு பேய்க் காட்சியாகத்தான் கடந்துபோனேன். இப்போது யோசித்துப் பாருங்கள். நம் பாபி பிள்ளை பெறப் பயந்தவர், கடைசியில் இரண்டு பேருக்குத் தகப்பனானவர். இந்தப் பாபி அந்தப் பயத்தைத் தாண்டி ஒரு பிள்ளையைப் பெற்றவர், கடைசியில் யாருக்கும் தகப்பனாக இல்லாமல் போனவர். இருவரும் ஒரே ஆள் என்றால் இதைவிடத் தூரமான இரண்டு வாழ்க்கை இருக்க முடியாது. டீன் அவரைப் பார்க்கும்போது தான் இழந்த தகப்பனைத் தேடுகிறான். அவர் டீனைப் பார்க்கும்போது? டானியலின் வயதில் ஒரு பெடியன், தன்னைத் தெரிந்தவன் போலப் பார்க்கிறான்.

அந்த எபிசோடில் அவர் தன் கதிரையைக் கொண்டுவந்திருக்கிறார், அக்கா. ஆனால் எழுதியவர்கள் அதில் அவரை நெடுநேரம் இருக்கவிடவில்லை. அதற்குப் பிறகு மகனைப் பற்றிய கதை கிட்டத்தட்ட இல்லை. ஆள் வேண்டும் என்றால் கூப்பிடுவதற்கு ஒரு பாபி, அவ்வளவுதான். என் கோபம் அவர் வந்ததில் இல்லை என்று இப்போதுதான் எனக்கே விளங்குது. வந்தவரின் கதையைக் கேட்காமல் விட்டதில்தான் கோபம்.

தம்பலகாமத்தான்:
இது நியாயமான கோபம். என் உதாரணத்துக்கும் இது பொருந்தும். எங்கள் கோயிலுக்கு எங்கள் ஊரின் திருவிழா, எங்கள் ஊரின் முறை இருக்கிறது. மலைக் கோயிலின் நிழலாக மட்டும் இருந்திருந்தால் இத்தனை காலம் நின்றிருக்காது.

கோட்டைவாசல்:
சரி, இனி நான் நெடுநாளாக மனதில் வைத்திருந்ததை எழுதுகிறேன். தொடர் முழுவதிலும் டீனுக்கும் சாமுக்குமே எத்தனை மாற்று வாழ்க்கைகள் காட்டப்பட்டன என்று எண்ணிப் பார்த்தேன். சரியான பொருளில் எல்லாமே மாற்று உலகம் இல்லை. சில கனவு, சில மாயை. ஆனால் எல்லாவற்றிலும் ஒரே ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது.

2ஆம் சீசனில் ஜின் டீனுக்குக் காட்டும் உலகம். அம்மா உயிரோடு இருக்கிறாள், சாமுக்குக் காதலி ஜெஸ் இருக்கிறாள், எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் அண்ணன் தம்பிக்குள் ஒட்டு இல்லை. சாம் அவனை ஒரு தூரத்து உறவுக்காரனைப் போலப் பார்க்கிறான். 4ஆம் சீசனில் வானதூதன் சக்கரியா நினைவை அழித்து இருவரையும் ஒரு கம்பெனியில் வேலைக்கு வைக்கிறான். நல்ல சம்பளம், நல்ல உடுப்பு. ஒருவனை ஒருவனுக்குத் தெரியாது, குடும்பப் பெயரும் வேறு வேறு. 2011 பெப்ரவரியில் வந்த அந்தப் புகழ்பெற்ற எபிசோடில் இருவரும் நம் நிஜ உலகத்துக்குள் விழுகிறார்கள். பேய் இல்லை, மந்திரம் வேலை செய்யாது, அவர்கள் பணக்கார நடிகர்கள் ஜாரெட் பாடலெக்கி, ஜென்சன் அக்கிள்ஸ். அங்கேயும் இருவரும் கதைத்துக்கொள்வதில்லை. படப்பிடிப்பில் இருக்கிறவர்கள் இவர்கள் சேர்ந்து நிற்பதைப் பார்த்தே வியக்கிறார்கள்.

பார்த்தீர்களா? வாழ்க்கை நன்றாக இருக்கும் ஒவ்வொரு உலகத்திலும் சகோதரம் உடைந்திருக்கிறது. ஒன்றை வைத்துக்கொள், மற்றதை விடு என்று எழுதியவர்கள் பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு 15ஆம் சீசனின் 13ஆம் எபிசோட். இன்னொரு உலகத்து டீனும் சாமும் வருகிறார்கள். அப்பா ஜோன் உயிரோடு இருக்கிறார், வேட்டையை ஒரு நிறுவனமாகவே நடத்துகிறார்கள், சொந்த விமானம். இருவருக்கும் ஒருவரில் ஒருவருக்கு அவ்வளவு அன்பு. பலர் அதைச் சிரிப்பு எபிசோடாகப் பார்த்தார்கள். எனக்கு அடிவயிறு கலங்கியது. பணமும் அப்பாவும் அண்ணன் தம்பியும் ஒன்றாகக் கிடைத்த ஒரே உலகம் அது. அதைத்தான் இந்தத் தொடரில் கடவுளான சக் அழிக்கிறான். இருவரும் அகதியாக வந்து நிற்கிறார்கள். நம் ஆட்கள் அவர்களைப் பிரேசிலுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஊர் அழிந்து வந்தவனை ஒரு பயணச்சீட்டோடு அனுப்பிவிட்டு மறந்துபோவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நிலாவெளிக்காரி:
அண்ணன், நான் சிரித்துக்கொண்டு பார்த்த ஆட்களில் ஒருத்தி. இனி அப்படிப் பார்க்க முடியாது.

14ஆம் சீசனில் டீனும் சாமும் வாழும் பதுங்குகுழியில் இருந்த அந்த மற்ற உலகத்து வேட்டைக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனை பேரைச் சாம் பிளவைத் தாண்டிக் கூட்டிவந்தான். பாதுகாப்பான இடம் என்று நம்பி வந்தவர்கள். டீனின் தலைக்குள் அடைபட்டிருந்த அந்த உலகத்து மைக்கேல் வெளியே வந்த அன்று எல்லாரையும் கொன்றான். மாகியின் பெயர் மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது. மற்றவர்களுக்குப் பெயர் வைத்தார்களா என்றே தெரியவில்லை.

கொட்டியாரக்கரை:
கடைசியில் இரண்டாவது பாபிக்கு என்ன ஆனது?

வெந்நீரூற்று:
அதுதான் அக்கா எனக்குப் பெரிய மனக்குறை. 15ஆம் சீசனின் 18ஆம் எபிசோடில் மற்ற உலகத்திலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக மறைகிறார்கள். சார்லி தன் காதலி மறைந்ததைக் கண்ட பிறகு தானும் மறைகிறாள். அடுத்த எபிசோடில் லூசிபரின் மகன் ஜாக் உலகத்தைத் திரும்பக் கொடுக்கிறான். ஆனால் இரண்டாவது பாபி திரும்பி வந்து நிற்பதை நமக்குக் காட்டவில்லை. கடைசி எபிசோடில் டீன் சொர்க்கத்துக்குப் போகும்போது அவனை வரவேற்க விறாந்தையில் இருப்பவர் முதல் பாபி. அவர் சொர்க்கத்தின் சிறையில் இருந்து ஜாக்கால் விடுவிக்கப்பட்டவர். அந்தக் காட்சியில் நானும் அழுதேன். அவருடைய கதிரை அவருக்கே கிடைத்தது. ஆனால் மற்றவர் எங்கே?

2022இல் தொடங்கிய தி வின்செஸ்டர்ஸ் தொடரைத் தங்கச்சிதான் எனக்குக் காட்டினாள். 13 எபிசோடோடு நின்றுவிட்டது. அதன் முடிவில், நாம் பார்த்த இளம் ஜோனும் மேரியும் வேறு உலகத்தவர்கள் என்று தெரியவருகிறது. டீன் தன் இம்பாலா காரில் உலகம் உலகமாகத் தேடிப்போய், தன் குடும்பத்துக்கு நல்ல முடிவு கிடைக்கக்கூடிய ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறான். அதை அந்த முதல் தொடருக்கான ஒரு பரிகாரமாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன். அப்படித் தேடிப்போனவன், டானியலின் தகப்பனையும் ஒரு தரம் தேடிப் பார்த்திருக்கலாம்.

கொட்டியாரக்கரை:
நீங்கள் இப்போது அவரை எப்படிக் கூப்பிட்டீர்கள் என்று பாருங்கள், தம்பி.

எங்கள் தெருவில் பிள்ளை பெற்றவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இன்னாரின் அப்பா, இன்னாரின் அம்மா, அவ்வளவுதான். முதல் எழுத்தில் நீங்கள் கேட்டது அவரைப் பாபி என்று கூப்பிடலாமா என்றுதானே? இந்தப் பெயரை வையுங்கள். முதல் பாபியின் பெயர் அவரிடமே இருக்கட்டும்.

நிலாவெளிக்காரி:
அக்கா, ஒன்று கேட்கட்டுமா. பிள்ளையை இழந்தவரை அந்தப் பிள்ளையின் பெயரால் கூப்பிட்டால் வலிக்காதா?

கொட்டியாரக்கரை:
எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு அம்மா இருக்கிறார். மகன் இல்லாமல் போய் எத்தனையோ வருடம். இன்றைக்கும் எல்லாரும் அந்த மகனின் பெயரைச் சொல்லித்தான் "அவனின் அம்மா" என்று கூப்பிடுவோம். ஒரு தரம் புதிதாகக் குடிவந்த ஒருவர் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் திரும்பியே பார்க்கவில்லை.

வெந்நீரூற்று:
தங்கச்சி இதை வாசித்த உடனே யூஎஸ்பியில் இருந்த 14ஆம் சீசன் கோப்புறையைத் திறந்து, 5ஆம் எபிசோடின் பெயரை "டானியலின் அப்பா" என்று மாற்றிவிட்டாள். யாருக்காவது வேண்டுமென்றால் சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அந்த ஒன்றை மட்டும் எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்.

கோட்டைவாசல்:
நான் வருகிறேன்.

கொட்டியாரக்கரை:
நானும். சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு வரட்டுமா? அவருக்கு முதுகுக்குச் சாய ஒரு நல்ல கதிரை மட்டும் வேண்டும்.